காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய்

மருத்துவக் காப்பீட்டு பாலிசியின் அட்டையில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருக்கும். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். நால்வருக்கும் நல்ல பல்வரிசை. அட்டையைத் தாண்டினால் பொடி எழுத்து. அதற்குள் ‘விலக்குகள்’ என்றொரு பகுதி. எந்தெந்த நோய்க்குப் பைசா பெயராது என்பதை எண் போட்டு அடுக்கியிருப்பார்கள். பன்னிரண்டாம் எண்ணில் விரலை வைத்துப் படியுங்கள். குடிநோய், போதைப்பொருள் பழக்கம், வேறு எந்த அடிமைப்பழக்கம் ஆனாலும் சரி, அதற்கான சிகிச்சைக்கும் அதனால் வரும் விளைவுகளுக்கும் பணம் கிடையாது.

அடுத்த எண் பதின்மூன்று. நீர்ச்சிகிச்சை விடுதி, இயற்கை வைத்திய நிலையம், ஸ்பா ஆகியவற்றுக்கும் பணம் இல்லை என்கிறது அது. குடியை நிறுத்திய ஓரிரு நாளில் கை நடுங்கி, ஃபிட்ஸ் வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு ஆம்புலன்ஸில் போகிறவனும், கண்மேல் வெள்ளரித் துண்டு வைத்துக்கொண்டு படுத்திருக்கும் சீமானும் காப்பீட்டுத் துறையின் கணக்கில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். இருவருமே பொழுதுபோக்குக்காகப் போனவர்கள்.

இந்த வரிசை எண்கள் தானாக முளைத்தவை அல்ல. 2019 செப்டம்பரில் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம், அதாவது ஐ.ஆர்.டி.ஏ.ஐ., விலக்குகளைத் தரப்படுத்தி வழிகாட்டுதல் வெளியிட்டது. அதுவரை நிறுவனங்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லிக் கைவிரித்துக்கொண்டிருந்தன. இனி எல்லோரும் ஒரே சுருதியில் கைவிரிக்கும்படி ஆணையம் பொதுப்பாட்டு எழுதிக்கொடுத்தது. அன்றிலிருந்து எந்த நிறுவனத்தின் பாலிசியைப் பிரித்தாலும் பெரும்பாலும் அதே எண், அதே வாசகம்.

அந்த வழிகாட்டுதலின் முற்பகுதியில் இன்னொரு பட்டியல் இருக்கிறது: எதையெல்லாம் நிறுவனங்கள் விலக்கவே கூடாது என்பது. மனநோய்க்கான சிகிச்சையை விலக்கக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. சரி, மனநோய் என்றால் என்ன? அதை நாடாளுமன்றம் ஏற்கெனவே சொல்லிவிட்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய்க்குத் தரும் வரையறையிலேயே, மதுவும் போதைப்பொருளும் உண்டாக்கும் மனநிலைகளும் சேர்த்தி. அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு, உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தருகிறீர்களோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்று எல்லா நிறுவனங்களுக்கும் கட்டளை இடுகிறது. 2018 மே 29 முதல் இது நாட்டின் சட்டம்.

ஆக, ஒரே ஆவணத்தின் முன்பக்கத்தில் குடிநோய் உள்ளவன் மனநோயாளி, கைவிடக் கூடாதவன். பின்பக்கத்தில் அவன் பன்னிரண்டாம் எண், கைவிடத் தக்கவன். பக்கத்தைப் புரட்டும் நேரத்துக்குள் அவனுக்குக் குணமாகிவிட்டது போலும்.

ஆணையம் எல்லாரிடமும் இப்படிக் கறார் காட்டுவதில்லை. சாகச விளையாட்டில் அடிபட்டவர்கள்மேல் அதற்குத் தாய்மனசு. தொழில்முறையாக ஆடுகிறவருக்கு மட்டும்தான் விலக்கு. நீங்கள் ஆசைக்காக, ஒரு ஞாயிற்றுக்கிழமை, விமானத்திலிருந்து பாராசூட்டைக் கட்டிக்கொண்டு குதித்து இடுப்பை முறித்துக்கொண்டால், அது எதிர்பாராமல் வந்த விபத்து. பதினெட்டு வயதில் கூட்டாளி கொடுத்த முதல் கிளாஸில் ஆரம்பித்து, நாற்பது வயதில் காலை ஆறு மணிக்கு நடுக்கம் நிற்கக் குடித்தே ஆக வேண்டிய நிலைக்கு வந்தவன் மட்டும் தெரிந்தே விழுந்தவன். பத்தாயிரம் அடி உயரத்திலிருந்து குதித்தவர் தவறி விழுந்தவராம். தெருமுனைக் கடைக்குள் விழுந்தவன் வேண்டுமென்றே குதித்தவனாம்.

நிறுவனங்கள் சட்டத்தை மதித்த வேகத்தையும் சொல்லியாக வேண்டும். 2018 ஆகஸ்டில் ஆணையம் மனநோய்க் காப்பீடு பற்றிச் சுற்றறிக்கை விட்டது, உடனே நடைமுறைப்படுத்துங்கள் என்று. 2021 ஏப்ரலில் டெல்லி உயர்நீதிமன்றம், மனநோய்க்கு முழுத் தொகை தர மறுத்த ஒரு நிறுவனத்தையும், அந்த பாலிசிக்கு ஒப்புதல் தந்த ஆணையத்தையும் சேர்த்துக் கண்டிக்க வேண்டி வந்தது. 2022 அக்டோபரில் ஆணையம் மறுபடியும் எழுதியது, இந்த மாத இறுதிக்குள் செய்யுங்கள் என்று. சட்டத்தைப் பின்பற்றுங்கள் என்று சொல்லிச் சொல்லியே நான்கு வருடம் கழிந்தது. பிரீமியம் கட்ட நீங்கள் ஒரு மாதம் தாமதித்துப் பாருங்கள், பாலிசி செத்துப்போகும். சட்டத்தை நிறைவேற்ற அவர்கள் நான்கு வருடம் தாமதித்தார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அத்தனை வருடப் பாடுக்குப் பின்னும் மனச்சோர்வும் மனச்சிதைவும்தான் வாசலைத் தாண்டி உள்ளே வந்தன. குடிநோயைப் பன்னிரண்டாம் எண் வாசலிலேயே நிறுத்திவைத்திருக்கிறது.

இனி விண்ணப்பப் படிவத்துக்கு வருவோம். “நீங்கள் மது அருந்துவீர்களா? ஆம் என்றால் வாரத்துக்கு எவ்வளவு?” என்று ஒரு கேள்வி. ஏஜென்ட் கண்ணைச் சிமிட்டாமல் ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்துவிடுவார். ‘சார், எப்பவாவது கல்யாணம் காச்சின்னா...’ என்று நீங்கள் இழுத்தால், “அதெல்லாம் குடியே இல்ல சார்” என்பார். உண்மையைச் சொன்னால் பிரீமியம் ஏறும், அல்லது விண்ணப்பம் திரும்பும். பொய்யைச் சொன்னால் பாலிசி கிடைக்கும், பிறகு கிளெய்ம் திரும்பும். 2025 மார்ச்சில் உச்சநீதிமன்றம் எல்.ஐ.சி.யின் மருத்துவ பாலிசி வழக்கொன்றில், குடிப்பழக்கத்தை மறைத்து பாலிசி எடுத்தவருக்கான தொகையை மறுக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. சட்டப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் படிவத்தின் வடிவத்தைக் கவனியுங்கள்: உண்மை சொன்னவனுக்கு வாசலிலும், பொய் சொன்னவனுக்கு வெளியேறும் இடத்திலும் அடி. நடுவில் இருக்கும் வருடங்களில் பிரீமியம் மட்டும் தவறாமல் வாங்கப்படுகிறது. பொய் சொன்னவனிடமும். ஒரு தொழில் பொய்யர்களை விரும்பி வாடிக்கையாளராக்கிக்கொண்டு, பணம் தரும் நாளில் மட்டும் சத்தியசந்தனாகிவிடுகிறது.

பன்னிரண்டாம் எண்ணின் உண்மையான மேதைமை அதன் கடைசிச் சொற்களில் இருக்கிறது: ‘அதன் விளைவுகள்’. குடியின் விளைவு எது, எது இல்லை? ஈரல் வீங்கினால் விளைவு. கணையம் அழன்றால் விளைவு. ரத்த வாந்தி விளைவு. ஃபிட்ஸ் விளைவு. குளியலறையில் தடுமாறி விழுந்து மண்டை உடைந்தால் அதுவும் விளைவு ஆகலாம், அன்று அவன் குடிக்காமலே இருந்திருந்தாலும். கேஸ் ஷீட்டில் மருத்துவர் ஒரு வரி எழுதிவிட்டால் போதும், தலைமுடி முதல் கால் நகம்வரை எல்லா உறுப்பும் ஒரே குற்றத்துக்கு உடந்தை.

திருப்பூர் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையின் இன்சூரன்ஸ் கவுன்டரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். புருஷனை உள்ளே படுக்கவைத்துவிட்டு, பனியன் கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்க, ஒரு பெண் வெளியே நிற்கிறாள்.

“அக்கா, கேஸ் ஷீட்ல குடிப்பழக்கம் பதினஞ்சு வருஷம்னு போட்டிருக்காங்களே?”

“ஆமாங்க. டாக்டர் கேட்டாருங்க, சொன்னனுங்க.”

“ஏன்க்கா சொன்னீங்க?”

“சொல்லலீன்னா வைத்தியம் தப்பாப் போயிருமுங்களே.”

“வைத்தியத்துக்கு உண்மையச் சொல்லணும்க்கா. இன்சூரன்ஸுக்குச் சொல்லக் கூடாது.”

“ரெண்டும் ஒரே பேப்பர்தானுங்களே?”

“அதான்க்கா பிரச்சினை.”

கவுன்டர் பெண்ணின்மேல் கோபப்படாதீர்கள். அவள் அந்தக் கட்டடத்தில் உண்மை பேசிய இன்னொரு ஆள். ‘டாக்டர், அதை மட்டும் எழுதாதீங்க’ என்று உறவினர்கள் கெஞ்சுவதும், மனசாட்சி உள்ள மருத்துவர் ‘இரைப்பை அழற்சி’, ‘சோடியம் குறைவு’ என்று சுற்றி வளைத்து எழுதுவதும், நேர்மையான மருத்துவர் உள்ளதை எழுதி ஒரு குடும்பத்தைக் கடனில் தள்ளுவதும் நடக்கத்தான் செய்யும். நோயின் பெயரைச் சொல்லாமல் நோயைக் குணப்படுத்த வேண்டும். குடியை விட வைக்க வேண்டும், ஆனால் அவன் குடித்தான் என்று எங்கும் பதிவாகக் கூடாது. அதனால் ஈரலுக்கு மருந்து கொடுத்து அனுப்புகிறார்கள். மனசுக்குக் கொடுப்பதில்லை, அதற்கு வேறு பெயர் போட வழியில்லை. ஆறு மாதத்தில் அதே ஆள், அதே ஈரல், அதே கட்டில்.

“அவனாகத் தேடிக்கொண்டது. அவன் குடித்ததற்கு என் பிரீமியம் ஏன் போக வேண்டும்?” என்று கேட்பவர் பலர். நியாயமான குரலில் கேட்பார்கள், பெரும்பாலும் இரண்டாவது தட்டு பிரியாணிக்கு இடையில். சர்க்கரை நோய்க்குக் காப்பீடு உண்டு, இனிப்புக் கடையில் போய் யார் கையைப் பிடித்தார்கள் என்று நிறுவனம் விசாரிப்பதில்லை. மாரடைப்புக்கு உண்டு, ஒருநாளாவது நடைப்பயிற்சி போனீர்களா என்று கேட்பதில்லை. ஒழுக்கத் தேர்வு வைத்துத்தான் கிளெய்ம் தருவதென்றால் எல்லோருக்கும் வையுங்கள். மருத்துவமனை வாசலில் வரிசை காலியாகிவிடும். குடிநோயாளிக்கு மட்டும் இந்தத் தேர்வு என்றால் அது காப்பீட்டுக் கணக்கு இல்லை, ஊர்ப் பஞ்சாயத்து.

மருத்துவம் இந்த வழக்கை முடித்து வெகுகாலம் ஆகிறது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956-லேயே குடிநோயை நோய் என்று அறிவித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அதற்குத் தனிக் குறியீடு இருக்கிறது. வெளிநாட்டுக்கு ஏன் போவானேன்? கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-இல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளையைத் தொடங்கினார். அங்கிருந்துதான் அடையாறு இந்திரா நகரின் டி.டி.கே. மருத்துவமனை வளர்ந்தது. குடிப்பவனை நோயாளி என்று அழைத்து, அவன் மனைவிக்கும் சேர்த்து ஆலோசனை தந்த இடம் அது. இந்திய அரசு 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்துப் பாராட்டியது. இது நோய் என்று சொன்னவருக்கு விருது கொடுத்தாயிற்று. நோயாளிக்கு மட்டும் இது நோய் இல்லை என்று பதில் எழுதியாயிற்று.

நிறுவனங்கள் திவாலாகிவிடும் என்று பயப்படுகிறீர்களா? பயப்பட வேண்டாம். மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸின் போதை சிகிச்சை மையம் நடத்தி, 2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு இருக்கிறது. குடியால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுகிறவர்கள் நாட்டில் சுமார் 5.7 கோடி. அதில் குடிக்கு முழு அடிமையானவர்களில் ஏதோ ஒரு சிகிச்சையாவது கிடைத்ததாகச் சொன்னவர்கள் 38 பேருக்கு ஒருவர். மருத்துவமனையில் தங்கி சிகிச்சை பெற்றவர்கள் 180 பேருக்கு ஒருவர். மற்ற 179 பேர் மருத்துவமனையில் சேரவே இல்லை. வெட்கத்தால் வரவில்லை, கூலி போய்விடும் என்று வரவில்லை, பணம் இல்லாமல் வரவில்லை. வந்து நின்ற அந்த ஒற்றை ஆளையும் திருப்பி அனுப்பத்தான் இத்தனை பொடி எழுத்தும் தனி எண்ணும் தேவைப்பட்டிருக்கின்றன.

இதுவரை காப்பீட்டுக்காரர்களைப் பற்றிச் சொன்னேன். அவர்களாவது சரக்கு விற்கவில்லை. இப்போது விற்கிறவரிடம் வருவோம்.

தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் 1983-இல் பிறந்தது. 2003 நவம்பர் 29 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது, தனியாருக்கு இடமில்லை. ஆகவே இந்த மாநிலத்தில் கடை வைத்து மது விற்கும் முதலாளி அரசாங்கம்தான். 2023–24-இல் இதில் வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். 2024–25-இல் 48,344 கோடி. நாள் கணக்கில் வகுத்தால் தினமும் 132 கோடி. இதை நிர்வகிக்கும் துறையின் பெயர் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை. 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன் நிழலில்தான் 2025-இல் 4,700-க்கு மேற்பட்ட கடைகள் மதியம் பன்னிரண்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கின.

கட்சி மாறினால் கொடி மாறும், போஸ்டர் மாறும், வாக்குறுதி மாறும். ஷட்டர் தூக்குவது மாறாது. எதிர்க்கட்சியாக இருக்கும்போது தாய்மார்களின் கண்ணீர் கண்ணுக்குத் தெரியும்; ஆளுங்கட்சி ஆனதும் கஜானாவின் கண்ணீர் தெரியத் தொடங்கும்.

இந்த வியாபாரத்தில் பாராட்ட வேண்டிய ஒன்றும் உண்டு. காலி பாட்டில்கள் காட்டில் கிடந்து யானையின் காலைக் கிழிக்கின்றன என்று உயர்நீதிமன்றம் கவலைப்பட்டது. 2022-இல் நீலகிரியில் தொடங்கி, பிறகு மாவட்டம் மாவட்டமாக, காலி பாட்டிலைத் திரும்பக் கொடுத்தால் பத்து ரூபாய் என்று திட்டம் வந்தது. நல்ல திட்டம். விற்ற பொருளின் கழிவுக்கு விற்றவரே பொறுப்பு என்ற கொள்கையை அரசு ஏற்றுக்கொண்டிருக்கிறது, கண்ணாடி விஷயத்தில். பாட்டில் காலியானால் திரும்ப வாங்க ஆள் உண்டு, கவுன்டர் உண்டு, ஸ்டிக்கர் உண்டு. அதைக் குடித்துக் காலியானவனை எந்தக் கவுன்டரில் கொடுப்பது என்று அவன் மனைவிக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

இன்னொரு பத்து ரூபாயும் உண்டு. எம்.ஆர்.பி.க்கு மேல் கவுன்டரில் வாங்குகிறார்கள் என்று நாடே புகார் சொல்லும் பத்து ரூபாய். தினம் ஒரு குவார்ட்டர் வாங்குகிறவன் வருடத்துக்கு 3,650 ரூபாயை இப்படி ரசீதில்லாமல் கட்டுகிறான். யோசித்துப் பார்த்தால் இது பிரீமியம்தான். தவறாமல் கட்டுகிறான், நினைவூட்டல் எஸ்.எம்.எஸ். கூட வேண்டியதில்லை. பாலிசிதான் இன்னும் கைக்கு வரவில்லை.

வரி விஷயத்திலும் நம் ஆட்சியாளர்களின் கருணை வழிந்தோடியது. மனிதர் குடிக்கும் மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, மாநிலங்கள் தங்கள் வாட் வரியை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கோ 2025 செப்டம்பர் வரை 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டார்கள். குடித்தால் மாநிலத்துக்கு வரி, குடலைக் காப்பாற்ற நினைத்தால் மத்திய அரசுக்கும் சேர்த்து வரி. கூட்டாட்சித் தத்துவம் இந்த ஒரு இடத்தில்தான் குறையில்லாமல் வேலை செய்தது.

செத்துப்போனால் கதை வேறு. 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் இறந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அரசு தலா 10 லட்சம் ரூபாய் கொடுத்தது. சிகிச்சையில் இருந்தவர்களுக்கு 50 ஆயிரம். அந்தக் குடும்பங்களுக்குக் கொடுத்ததை நான் குறை சொல்ல மாட்டேன்; அனாதையான பிள்ளைகளின் முன்னால் பணக்கணக்குப் பேசுவது பாவம். ஆனால் அரசின் விலைப்பட்டியலை ஒருமுறை வாசித்துத்தான் ஆக வேண்டும். திருட்டுச் சாராயம் குடித்து ஒரே இரவில் கூட்டமாகச் செத்தால் பத்து லட்சம். அரசுக் கடைச் சரக்கைக் குடித்து இருபது வருடத்தில் தனியாகச் செத்தால் ஒன்றும் இல்லை. சாகாமல், ‘எனக்கு நிறுத்தணும், உதவி பண்ணுங்க’ என்று வந்து நின்றால் பன்னிரண்டாம் எண். இந்த மாநிலத்தில் குடிநோயாளிக்கு உறுதியான ஒரே காப்பீடு, டி.வி. கேமரா வரும் அளவுக்குப் பெரிதாகச் சாவதுதான்.

அரசு மருத்துவமனையில் இலவசம்தானே என்று கேட்பீர்கள். உண்டு. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள், கட்டில் பற்றாக்குறையோடு மல்லுக்கட்டிக்கொண்டு. 2025-இல் ‘கலங்கரை’ என்ற பெயரில் போதை மீட்பு மையங்களையும் முதல்வர் திறந்துவைத்தார். வரவேற்போம். பிறகு கலங்கரைகளின் எண்ணிக்கையைக் கடைகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் எழுதிப் பார்ப்போம். கப்பலை உடைக்கும் பாறைகளை ஆயிரக்கணக்கில் நட்டுவிட்டு, நடுநடுவே ஒரு விளக்கு.

விளக்கு தெரியாதவர்கள் எங்கே போகிறார்கள்? ஊருக்கு வெளியே ‘மறுவாழ்வு மையம்’ என்று பெயர்ப்பலகை மாட்டிய வீடுகளுக்கு. நன்றாக நடக்கும் மையங்கள் இருக்கின்றன. உரிமம் இல்லாமல், மனநல மருத்துவர் இல்லாமல், ஜன்னல் கம்பியும் தடியும் மட்டுமே மருத்துவ உபகரணமாக நடக்கும் மையங்களும் இருக்கின்றன. அங்கே சேர்த்த மனிதன் அடிபட்டுச் செத்த வழக்குகளைச் சென்னையே பார்த்திருக்கிறது. மனைவி தோட்டை அடகு வைப்பாள். மகளிர் குழுவில் கடன் எடுப்பாள். ‘எதுக்கு’ என்று கேட்டால் ‘மாடு வாங்க’ என்று எழுதுவார்கள். கடன் படிவத்திலும் இந்த நோய்க்குப் பெயர் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு வேன் வரும், நான்கு பேர் வந்து அவனைத் தூக்கிப் போவார்கள். வாராவாரம் அதற்கான தவணையை அவள் கட்டுவாள். காப்பீடு என்பது ஒருவரின் இழப்பைப் பலர் பகிர்ந்துகொள்வது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. இங்கே பலரின் லாபத்துக்கான இழப்பை ஒருத்தி மட்டும் பகிராமல் சுமக்கிறாள்.

இவ்வளவு ஆன பிறகு, அரசுக்கும் ஆணையத்துக்கும் உதவியாக ஒரு புதிய திட்டத்தை வரைந்து தருகிறேன். வேண்டுமானால் எந்தத் தலைவரின் பெயரையும் சூட்டிக்கொள்ளலாம்.

தகுதி: ஒவ்வொரு குவார்ட்டருடனும் ஒரு கூப்பன். ஆயிரம் கூப்பன் சேர்த்தவர் பாலிசிதாரர் ஆவார். ஆதாருடன் ஈரலையும் இணைக்க வேண்டும்.

பிரீமியம்: தனியாக வசூலிக்கப்பட மாட்டாது. ஏற்கெனவே வசூலிக்கப்பட்டுவிட்டது.

பலன்கள்: பொங்கல், தீபாவளி விற்பனை இலக்கைத் தாண்டினால் இலவச ஸ்கேன். ஸ்கேனில் எதுவும் தெரிந்தால் பலன் ரத்து.

காத்திருப்புக் காலம்: பாலிசிதாரர் குடியை நிறுத்தும்வரை சிகிச்சை கிடையாது. நிறுத்திவிட்டால் சிகிச்சை தேவையில்லை.

விலக்குகள்: நோய்.

குறை தீர்ப்பு: கடைக்குப் பின்னால் உள்ள பாரில், மாலை ஏழு மணிக்கு மேல்.

சிரித்தாயிற்று. இனி சிரிக்காமல் பேசலாம். பன்னிரண்டாம் எண் சட்டத்துக்கு எதிரானது. ஓர் ஆணையத்தின் வழிகாட்டுதல் நாடாளுமன்றத்தின் சட்டத்துக்கு மேலே உட்கார முடியாது என்பது சட்டக் கல்லூரியின் முதல் வருடப் பாடம். ஆகவே கிளெய்ம் மறுக்கப்பட்டவர்கள் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடாதீர்கள். 2017 சட்டத்தின் 21(4)-ஐயும் மனநோயின் வரையறையையும் எழுதி நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் மறுபடியும் கைவிரித்தாலோ, ஒரு வருடத்துக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஜெயிப்பீர்கள் என்று நான் உறுதி தர முடியாது. ஆனால் இந்த விலக்கு இத்தனை வருடம் நிம்மதியாகத் தூங்குவதற்குக் காரணம், அவமானம் உங்களுடையது என்று உங்களை நம்பவைத்திருப்பதுதான். அவமானப்பட வேண்டியவர்கள் முத்திரை குத்திய கடிதத்தாளில் அந்த மறுப்பை எழுதியவர்கள்.

அரசுக்கு ஒரே ஒரு கணக்கு. 48,344 கோடியில் ஒரு சதவீதம் 483 கோடி. அதைத் தனியே எடுத்து வையுங்கள். குடிநோய் சிகிச்சைக்குச் சேரும் ஒவ்வொருவரின் பில்லையும், அரசு மருத்துவமனையோ உரிமம் பெற்ற தனியார் மையமோ, அதிலிருந்து கட்டுங்கள். சேர்ந்திருக்கும் நாட்களுக்குக் கூலியையும் சேர்த்துக் கொடுங்கள். நூறு ரூபாய் சம்பாதித்த இடத்தில் ஒரு ரூபாய். பிச்சைக்காரனுக்குப் போடும் விகிதம்கூட இதைவிட அதிகம்.

அதுவும் முடியாது என்றால் நேர்மையாக ஒன்று செய்யுங்கள். பாட்டிலில் ஒட்டும் எச்சரிக்கை வாசகத்தை மாற்றுங்கள்: ‘இதைக் குடித்தால் நோய் வரும் என்று எங்களுக்குத் தெரியும். அது நோய்தான் என்று சட்டம் போட்டதும் நாங்கள்தான். வந்தபின் உன்னைத் தெரியாது என்று சொல்லப்போவதும் நாங்கள்தான்.’ கீழே விற்பவர், ஒழுங்குபடுத்துபவர், காப்பீடு தருபவர் மூவரும் கையெழுத்துப் போடுங்கள்.